கண்ணாடிப் பேழைக்குள் நம் வீட்டுப் பாத்திரம்

 

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: "இம்முறை எங்கே போகலாம்?" உதகை, கொடைக்கானல், குற்றாலம் எனப் பழகிய பெயர்களே திரும்பத் திரும்ப வரும். யாரேனும் ஒருவர் அருங்காட்சியகம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். பெரிய நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் நாள் முழுதும் கால் கடுக்க நடந்து, கடைசியில் எதைப் பார்த்தோம் என்றே நினைவில்லாமல் திரும்பிய அனுபவம் அவர்களுக்கு இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இத்திங்கள் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அத்தகைய பெரிய மாளிகைகளுக்கன்று. ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடக்கூடிய, ஓர் ஊரின் வரலாற்றையோ ஒரு குடும்பத்தின் வாழ்வையோ ஒரே வகைப் பொருள்களையோ மட்டும் காத்து நிற்கும் சின்னஞ்சிறு காட்சிக்கூடங்களுக்கு. இவற்றின் வாசலில் வரிசை நிற்காது. பல வேளைகளில் உள்ளே நாம் மட்டுமே இருப்போம். அதுவே இவற்றின் சிறப்பு என்பேன்.

முதலில் கேரளத்துக் கண்ணூருக்குச் செல்வோம். அங்கு ஆயிக்கரை என்னும் கடலோரப் பகுதியில் 'அறக்கல் கெட்டு' என்று அழைக்கப்படும் பழைய அரண்மனை உள்ளது. கேரளத்தை ஆண்ட ஒரே முஸ்லிம் அரச குடும்பம் வாழ்ந்த இடம் அது. அரண்மனை என்றவுடன் மைசூரையோ ஐதராபாத்தையோ எண்ணிவிடாதீர்கள். செம்பாறைக் கல்லாலும் மரத்தாலும் எழுப்பப்பட்ட, நம் கடற்கரை ஊர்களின் பெரிய வீடுகளை நினைவூட்டும் கட்டடங்களே அவை. அவற்றுள் தர்பார் மண்டபம் அமைந்த பகுதியைக் கேரள அரசு சுமார் 90 இலட்சம் ரூபாய் செலவில் செப்பனிட, 2005ஆம் ஆண்டில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆயினும் உரிமை அரசுக்குப் போய்விடவில்லை. அறக்கல் குடும்பத்தாரின் அறக்கட்டளையிடமே இருந்தது. தம் வீட்டின் ஒரு பகுதியை ஊருக்குத் திறந்துவிட்டார்கள் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு அங்குச் சென்றிருந்தேன். மரத்தளமிட்ட நீண்ட மேல்மாடிக் கூடம். வாள்களும் குறுவாள்களும், பழைய குர்ஆன் பிரதிகளும், ஆவணங்களும், பெரிய மரப்பெட்டிகளும், அந்தக் காலத்துத் தொலைபேசியும், கடலைப் பார்ப்பதற்கான தொலைநோக்கியும் அங்கு இருந்தன. எண்ணிக்கையில் அதிகமில்லை. ஆனால் என் மகள் ஆட்சியாளர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, சட்டென நின்று என்னிடம் கேட்டாள்: "வாப்பா, இங்கே பெண்களும் ராஜாவா?"

ஆம், அதுதான் அறக்கல்லின் தனிச்சிறப்பு. தாய்வழிக் குடும்பம் அது. ஆணோ பெண்ணோ, குடும்பத்தில் மூத்தவர் எவரோ அவரே ஆட்சிக்கு உரியவர். ஆணாயின் 'அலி ராஜா' என்றும், பெண்ணாயின் 'அறக்கல் பீவி' என்றும் பெயர். 1505இல் போர்த்துக்கீசியர் கட்டிய கண்ணூர்க் கோட்டை, 1663இல் டச்சுக்காரர் கைக்குப் போய், 1772இல் அவர்களிடமிருந்து அறக்கல் அரசரால் விலைக்கு வாங்கப்பட்டது. 1790இல் ஆங்கிலேயப் படை அக்கோட்டையைத் தாக்கியபோது எதிரே ஆட்சியில் இருந்தவர் ஜுனும்மா பீவி என்னும் பெண்மணி. இலட்சத்தீவுக் கூட்டத்தின் தீவுகளும் இக்குடும்பத்தின் ஆளுகையில் இருந்தன. தீவுகளில் திரிக்கப்பட்ட கயிறு முழுவதும் அரண்மனைக்கே வர வேண்டும்; பதிலுக்கு அரிசி போகும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் தீவு மக்களுக்கு மனக்குறை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அமினி முதலிய தீவுகளின் மக்கள் அறக்கல் ஆட்சியை உதறி, திப்பு சுல்தானின் ஆட்சியை நாடினர். 1787இல் அத்தீவுகள் அவரிடம் சென்றன. எஞ்சிய தீவுகளையும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அறக்கல் குடும்பம் ஆங்கிலேயரிடம் கைவிட நேர்ந்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்தத் தொலைநோக்கியைப் பாருங்கள். அது வெறும் குழாயாகத் தோன்றாது. தீவுகளிலிருந்து கயிறு ஏற்றிவரும் ஓடங்கள் கண்ணில் படுகின்றனவா எனக் காத்திருந்த வீடு அது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழும் சகோதரிகளுக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். மணமான பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், வீடு மகளுக்கென்று எழுதப்படுவதும் அவர்கள் நாள்தோறும் காணும் வழக்கமே. ஆட்சி வேறு, வீடு வேறுதான். எனினும் அந்த மரக்கூடத்தில் நின்றபோது, ஏதோ அயலாருடைய அரண்மனையில் நிற்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அரசர் வீட்டைப் பார்த்தோம். இனி, அரசர் அல்லாதாரின் அடுக்களைக்கு வருவோம். புனே நகரில் 'ராஜா தினகர் கேல்கர்' அருங்காட்சியகம் என்று ஒன்றுண்டு. பெயரிலுள்ள 'ராஜா' அரசரைக் குறிப்பதன்று. தினகர் கேல்கர் (1896–1990) என்பவர் மூக்குக்கண்ணாடி வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மராத்தியில் கவிதைகளும் எழுதியவர். அவருடைய ஒரே மகனின் பெயர் ராஜா. அந்தச் சிறுவன் இளவயதிலேயே இறந்துவிட்டான். கேல்கர் தம் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகச் சென்று சேர்த்த பொருள்களை அந்தப் பிள்ளையின் நினைவுக்கே உரிமையாக்கினார். சேர்த்தவை சுமார் 20,000. காட்சியில் இருப்பது அவற்றுள் ஒரு பகுதிதான். 1975இல் அத்தனையையும் மகாராட்டிர அரசிடம் ஒப்படைத்தார்.

அப்படி என்ன சேர்த்தார்? விளக்கு, சீப்பு, பாக்குவெட்டி, எழுதுகோல் வைக்கும் பெட்டி, கதவு, துருவுபலகை, கால் தேய்க்கும் உலோகக் கட்டி, இசைக்கருவி. எல்லாம் வீட்டுப் பொருள்கள். பெயர் தெரியாத கைவினைஞர் செய்து, பெயர் தெரியாத பெண்கள் புழங்கியவை. அலுவல் நிமித்தம் புனே சென்றிருந்த நான், பாக்குவெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்த கண்ணாடிப் பேழையின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். பறவை வடிவில், குதிரை வடிவில் என எத்தனை விதம்! அவற்றுள் ஒன்று என் உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்ததைப் போலவே இருந்தது. உம்மம்மாவினுடையது இப்போது எங்கே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த விடையைச் சொல்லுமுன் அகமதாபாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கு 'விஷாலா' என்னும் உணவகத்தின் வளாகத்திலேயே பாத்திரங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1981இல் சுரேந்திர படேல் என்பவர் அதனைத் தொடங்கினார். கைத்திறன் மிக்க பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்கள் பழைய உலோகமாக எடைபோடப்பட்டு உருக்கப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், அவற்றைச் சேர்க்க முற்பட்டவர் அவர். குடம், சொம்பு, படிக்கம், பாக்குவெட்டி, தானிய அளவை என ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. உருக்கும் உலைக்கும் பொருளுக்கும் இடையில் ஒருவர் போய் நின்றார் என்பதே அந்த இடத்தின் வரலாறு.

எங்கள் வீட்டில் அப்படி நிற்க எவரும் இல்லை. 1990களில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினோம். மச்சில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கொழும்புக்குச் சபர் போய்க் கடை வைத்திருந்த என் பாட்டனாரின் கணக்கேடுகள் அதற்குள் இருந்தன. அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறையில் எழுதப்பட்டவை. அவற்றோடு, அவருக்கு உம்மம்மா எழுதிய கடிதங்களும் ஒரு கட்டு இருந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. கரையான் அரித்திருக்கிறது, இடமும் இல்லை என்று பழைய தாளாக எடைக்குப் போட்டவன் நான்தான். வேறு எவரையும் குறை சொல்ல வழியில்லை. பித்தளைப் பாத்திரங்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன. "பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர்" என்று தெருவில் கூவி வந்தவரிடம் பெரிய தேக்சா, தாம்பாளம், சஹன், படிக்கம், உம்மம்மாவின் பாக்குவெட்டி எல்லாம் கைமாறின. ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது நின்றுபோன பிறகு, செம்புத் தேக்சாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அந்தப் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

உங்களில் பலருக்கு இதே கதை இருக்கும். ஆகவேதான் சிறிய அருங்காட்சியகங்களுக்குப் போங்கள் என்கிறேன். அங்கு நாம் காண்பது பெரும்பாலும் நம் வீட்டிலிருந்து போனதுதான்.

ஆனால் பொருள் தப்பிப் பிழைத்தால் மட்டும் போதுமா? நம் தமிழகத்துச் சிற்றூர் அருங்காட்சியகம் ஒன்றில், மூக்குவைத்த அழகிய செம்புக் கிண்டி ஒன்றைக் கண்டேன். ஒளுச் செய்வதற்கு நம் வீடுகளில் வைத்திருந்தது போன்றது. கீழே ஒட்டியிருந்த சீட்டில் "பாத்திரம் – செம்பு" என்று மட்டும் இருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொடுத்தார், எதற்குப் பயன்பட்டது, ஒன்றும் இல்லை. பொறுப்பிலிருந்தவரைக் கேட்டேன். "நான் வேலைக்கு வருமுன்பே இருக்கிறது" என்றார். பொருளை விட வேகமாக அழிவது அதன் கதை என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

கதை ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனிஷ்காரர் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் உண்டு. சீனத்துத் தேயிலைச் சாடிகள், பீங்கான் பாத்திரங்கள், டேனிஷ் ஆவணங்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கலத்தின் எலும்புகள்கூட அங்கு உள்ளன. ஆனால் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய மடல், டென்மார்க் நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர் அந்த ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அந்தச் சாடிகளைக் காட்டிவிட்டு, பிறகு கோட்டைச் சுவரின் மேல் நிற்கவைத்து இதைச் சொல்லுங்கள். பாடநூலில் படிப்பதைவிட நன்றாகப் பதியும்.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காக ஒன்று. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் வடிவத்தைப் பின்பற்றி 1828க்கும் 1830க்கும் இடையே சூலியா முஸ்லிம்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர்கள், எழுப்பிய கட்டடம் இருக்கிறது. 1974இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாகத் திறக்கப்பட்டது. அந்தத் தெரு அக்காலத்தில் கடற்கரையாகவே இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர் சில அடி நடந்தால் போதும். பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அலையோசை அங்குக் கேட்பதில்லை. சபர் போன முன்னோர் உங்கள் குடும்பத்திலும் இருந்தால், அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

புறப்படுமுன் சில செய்திகள். தமிழக அரசின் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆவுக்குப் பின் போகலாம் என்று பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு சென்று பூட்டைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கே உண்டு. வேறு சிலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சிறிய இடங்களில் திறப்பவரே ஒருவராக இருப்பார். அவர் வீட்டில் காதுகுத்து என்றால் அன்று திறப்பு இல்லை. ஆகவே முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று பிள்ளைகளை விரட்டாதீர்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதைத் தாளில் வரையட்டும், வரைகிற பிள்ளை எளிதில் "போகலாமா?" என்று கேட்பதில்லை. முக்கியமாக, வீட்டு மூத்தவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாசற்படிகள் ஏற அவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் "இது என்ன?" என்று பிள்ளை கேட்கும் கேள்விக்கு, சீட்டில் இல்லாத விடை அவர்களிடம்தான் இருக்கிறது.

இதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பவை நான்கு பாத்திரங்கள். அவற்றுள் ஒன்று அந்தச் சிற்றூரில் கண்டதைப் போன்ற செம்புக் கிண்டி. அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்ததாக நான் கேட்டதேயில்லை. வாங்கிய இடத்தில் யாரோ வெட்டிய பெயர் என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன்.

சென்ற மாதம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு 86 வயது. பல நாள்களில் என் பெயரே அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. கிண்டியை மடியில் வைத்தேன். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவி அந்தப் புள்ளிகளைப் படித்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

"இது எனக்கு வாங்கினதில்லைப்பா. என் தங்கச்சிக்கு வாங்கினது. சீருக்குன்னு உம்மா சின்ன வயசிலேயே ஒவ்வொண்ணா வாங்கி அவ பேரை வெட்டி வச்சாங்க. பன்னிரண்டு வயசிலே காய்ச்சல் வந்து மவுத்தாயிட்டா. அதுக்கப்புறம் அவ பேரை வீட்டிலே யாரும் சொல்லலே. கிண்டியை மட்டும் உம்மா கொடுக்க மாட்டேன்னுட்டாங்க."

எவர்சில்வர்க்காரரிடம் எல்லாம் போனபோதும் அந்தக் கிண்டி மட்டும் ஏன் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து, பெரியம்மா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதினேன். அவர் தங்கையின் பெயரை இங்குக் குறிப்பிடவில்லை. அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும். தாளை மடித்துக் கிண்டிக்குள் வைத்துவிட்டு, கிண்டியைப் புத்தக அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே வைத்திருக்கிறேன். மற்ற மூன்று பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறன்று மீண்டும் பெரியம்மாவிடம் செல்கிறேன், இன்ஷா அல்லாஹ். இம்முறை மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுதுவதை அவள் பார்த்துக்கொள்வாளாம்.